மேய்ப்பவள் நிற்கும் இடம்

நாய் வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

முதலில் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலை ஐந்து மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சாப்பாட்டு மேசைமேல் கோடு கோடாகப் போட்டிருந்தது. எதிரே ஐந்து வயது மகள் பாலில் பிஸ்கட்டை நனைத்து, அது ஊறி உடைந்து விழுவதற்குள் வாய்க்குக் கொண்டுபோகும் பந்தயத்தைத் தன்னோடு தானே நடத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ குழாயைச் சரியாக மூடாமல் விட்ட சத்தம் சுவரைத் தாண்டிச் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் நேற்று மாதிரிதான். நாய் மட்டும் மாறிப் படுத்திருந்தது.

நாய் என்றால் வாசலைப் பார்த்துப் படுக்கும். வருகிறவனைப் பார்த்துக் குரைப்பதற்குத்தானே நாய். இது வருகிறவனைப் பற்றிக் கவலைப்படவில்லை. முன்கால்களை நீட்டி, வயிற்றைத் தரையோடு ஒட்டி, தலையைத் தோளுக்கும் கீழே இறக்கி, அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. இமைக்கவில்லை.

"என்னடா தபால்?" என்றான்.

வால் அசையவில்லை.

தபால் என்பது மனைவி வைத்த பெயர். எதைக் கொண்டுவரச் சொன்னாலும் கொண்டுவந்து சேர்த்துவிடும், வழியில் ஒரு பொட்டு எச்சில்கூடப் படாது, அதனால் தபால் என்பாள். கறுப்பு உடம்பு, வெள்ளை மார்பு, கூரான மூக்கு. ஆட்டு மந்தையை மேய்க்கவென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த ஜாதி. ஊருக்கு வெளியே இருந்த ஆட்டுப் பண்ணையில் குட்டியாக வாங்கினார்கள். பண்ணைக்காரி விற்கும்போதே சொன்னாள், இது சோபாவில் படுக்கிற நாய் இல்லை, வேலை கொடுக்காவிட்டால் தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும் என்று. அவன் யோசித்தான். மனைவி யோசிக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் ஸ்டீல் விசிலும், அறுபது பிள்ளைகளை ஒரே பார்வையில் வரிசையில் நிறுத்தும் கண்ணும் உள்ளவள். ஒரு வருஷம் ஞாயிறு தவறாமல் பண்ணைக்குப் போய் அவளும் நாயும் சேர்ந்து வேலை கற்றுக்கொண்டார்கள். நீளமாக ஒரு விசில் அடித்தால், கூட்டி வா. "போதும்" என்றால், வேலை முடிந்தது. அந்த ஒரு சொல்லுக்கு நாய் உருகிவிடும். அதுவரை கல்லாக நின்றது உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, வீட்டு நாயாகி, காலடியில் வந்து விழும்.

பிறகு அவள் படுக்கையில் விழுந்தாள். எட்டு மாதம். வீட்டில் ஆடு இல்லை. அவனும் மகளும்தான் இருந்தார்கள். படுத்தபடி விசிலை அடிப்பாள். நாய் எங்கிருந்தோ பாய்ந்து வந்து, குளியலறை வாசலில் நிற்கிறவனையும் மொட்டை மாடியில் விளையாடுகிறவளையும் முட்டி, சுற்றி, நெருக்கி, இருவரையும் ஒரு கட்டாகக் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தும். மகள் சிரித்துச் சிரித்துக் கீழே விழுவாள். மனைவியும் சிரிப்பாள், சிரிக்க முடிந்தவரை. சாயந்திரம் ஆனால் மகளைக் கட்டிலில் ஏற்றி, பின்னலை அவிழ்த்து, விரலாலேயே கோதிவிட்டு, மறுபடி இறுக்கிப் பின்னுவாள்.

அவள் போய் நான்கு மாதம். விசில் அவள் கழுத்திலேயே இருந்தது. கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அதோடேயே அனுப்பிவிட்டார்கள்.

படுக்கையறையை அவன் மூடித் தாழ் போட்டான். கூடத்தில் மெத்தையை விரித்து அவனும் மகளும் படுத்தார்கள். நாய்க்கு அவன் சோறு வைத்தான். காலையும் மாலையும் அவன்தான் நடக்கக் கூட்டிப்போனான். உண்ணி பிடுங்கினான். காதைத் துடைத்தான். இவ்வளவுக்குப் பிறகு அது தன் நாயாகிவிட்டது என்றே நினைத்திருந்தான்.

இரண்டு நாள் பொறுத்துப் பண்ணைக்காரிக்குப் போன் செய்தான்.

"போர் அடிக்குது சார் அதுக்கு," என்றாள். பின்னால் ஆடுகள் கத்தின. "நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தா அதுவும் என்ன பண்ணும்? எங்க எங்க படுக்குதுன்னு ஒரு வாரம் குறிச்சு வையுங்க. அப்புறம் பார்ப்போம்."

குறித்து வைப்பது அவனுக்குக் கஷ்டமில்லை. வேலையே அதுதான். ஒரு கட்டட அலுவலகத்துக்கு வரைபடம் போடுகிறவன். பாதி நாள் வீட்டில் இருந்தபடியே. குடிவந்த புதிதில் இந்த வீட்டையே விளையாட்டாக அளந்து வரைந்து வைத்திருந்தான். வாசல், சாப்பாட்டு இடம், கூடம், வலப்பக்கம் சமையலறையும் அதன் பின்படிகளும், நேராக ஒரு நடை, நடையின் கோடியில் படுக்கையறை. அந்தத் தாளை எடுத்துப் பலகையில் குத்தினான். நாய் படுத்த இடத்துக்குச் சிவப்புப் புள்ளி. அந்த நேரத்தில் தானும் மகளும் இருந்த இடத்துக்கு நீலப் புள்ளி. பக்கத்தில் தேதி.

அந்த வாரத்தில் ஒருநாள் மச்சினி வந்தாள். மனைவியின் தங்கை. வரும்போதே வாயும் வரும்.

"என்ன அத்தான், நாய் உங்களை இப்படி முறைக்குது? மாமியார் இல்லாத குறையைத் தீர்க்குதா?"

"முறைக்கலை. அது பார்வையே அப்படித்தான்."

"எதுக்கும் அதுகிட்டக் கேட்டுட்டே மீசையை எடுங்க." மகளை மடியில் இழுத்து உட்கார வைத்தாள். தலையைத் தடவினாள். கை நின்றது. "பரவாயில்லையே. பின்னல் போடக் கத்துக்கிட்டீங்க. போன தடவை எலி வால் மாதிரி இருந்துச்சு. இப்ப அக்கா கை மாதிரியே இறுக்கமா இருக்கு."

அவன் மகளின் தலையைப் பார்த்தான். நடு வகிடு. காதோரம் ஒரு முடி பிசிறாமல் இறுக்கிய பின்னல். நுனியில் ரப்பர் பாண்டை மூன்று சுற்று.

"நீ போட்டதுன்னு நினைச்சேன்," என்றான்.

"நான் வந்தே பத்து நிமிஷம் ஆகலை. ஏண்டி, யாருடி பின்னிவிட்டது?"

மகள் நாயைப் பார்த்தாள். "தெரியாது," என்றாள். யாரிடமோ வாக்குக் கொடுத்த முகம். அந்த முகம் அவனுக்குத் தெரியும்.

"எதிர்வீட்டம்மாவா இருக்கும்," என்று மச்சினி எழுந்தாள். கிளம்பும்போது, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "எப்படியோ அத்தான். அக்கா தூக்கத்துலயே போனா. அந்த ஒரு புண்ணியம் போதும்."

"ம்," என்றான்.

வாசலில் படுத்திருந்த நாயின் மேல் கால் படாமல் தாண்டிப் போனாள். நாய் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவள் அதன் கணக்கில் இல்லை. ஆனால் வழியனுப்ப அவன் ஓர் அடி முன்னால் வைத்ததும் எழுந்து நின்றது. சத்தமில்லை. பல்லும் காட்டவில்லை. சும்மா நின்றது. அவன் வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

எடுத்துக்கொண்டது வெகுநேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது.

ஒன்பதாம் நாள் பண்ணைக்காரி தானே கூப்பிட்டாள்.

"குறிச்சீங்களா சார்?"

"குறிச்சேன். எங்க படுத்தாலும் எங்க ரெண்டு பேரையும் பார்த்துத்தான் படுக்குது."

"அப்ப அது படுக்கலை. வேலையில இருக்கு." வைக்கோல் கட்டு ஏதோ தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. "இந்த ஜாதிக்கு ஒரு பழக்கம் சார். சொல்லியே கொடுக்க வேண்டாம், ரத்தத்திலேயே இருக்கும். மேய்க்கிற ஆள் ஒரு பக்கம் நின்னா, இது நேர் எதிர்ப்பக்கம் போய் நிக்கும். ஆடு நடுவுல. ஆள் ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தா, இதுவும் நகர்ந்து நேர் எதிர்ல வந்துடும். நூல் பிடிச்ச மாதிரி. அப்பதானே ஆடு ஆள்கிட்ட வந்து சேரும்? இருட்டுல என் கண்ணுக்குத் தெரியாத ஆள் பட்டியில நின்னாக்கூட, நாய் நிக்கிற இடத்தை வச்சு அந்த ஆள் எங்கேன்னு நான் சொல்லிடுவேன்."

"இங்க யாரும் நிக்கலை."

"டீச்சர் ஞாபகமா இருக்கும், பாவம். வேலை முடிஞ்சதுன்னு சொல்லிப் பார்த்தீங்களா?"

"போதும்னு நூறு தடவை சொல்லிட்டேன். காதிலேயே வாங்கலை."

"வாங்காது. வேலை கொடுத்தவங்கதான் சொல்லணும்." ஒரு ஆட்டை அதட்டினாள். "டீச்சர் கடைசியா அதுக்கு என்ன வேலை கொடுத்தாங்க சார்?"

சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் சொட்டியது.

"தெரியாது," என்றான். "தூக்கத்துலயே போயிட்டா."

"சரி விடுங்க. வீட்டுக்குள்ள வச்சா இப்படித்தான் ஆகும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வேனோட வரேன். ஆட்டைப் பார்த்தா ஒரே வாரத்துல சரியாயிடும். அதுவரைக்கும் பாப்பாவை உங்க பக்கத்துலயே வச்சுக்குங்க."

"கடிக்குமா?"

"கடிக்காது. ஆனா மந்தையில ஒண்ணை மட்டும் தனியாப் பிரிக்கவும் இதைப் பழக்கியிருக்கு. ரெண்டு ஆட்டுக்கு நடுவுல இடைவெளி விழற நேரம் பார்த்துப் புகுந்துடும். வேண்டியதை ஓட்டிக்கிட்டுப் போயிடும். வேண்டாததுக்கு முதுகைக் காட்டிடும், திரும்பிக்கூடப் பார்க்காது. பாப்பா பயந்துடக் கூடாதேன்னுதான் சொன்னேன்."

போனை வைத்துவிட்டு அவன் பலகைமுன் உட்கார்ந்தான். ஸ்கேலை எடுத்தான். முதல் நாள் சிவப்புப் புள்ளியிலிருந்து நீலப் புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்து, அதை நிறுத்தாமல் மறுபக்கம் நீட்டினான். பென்சில் மூடிய கதவைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போனது. இரண்டாம் நாள் கோடு வேறு மூலையிலிருந்து கிளம்பியது, சமையலறை வாசலைத் தொட்டது, நடைச் சுவரை வெட்டியது. அதுவும் உள்ளே போனது. மூன்று. நான்கு. நாளுக்கு இரண்டு மூன்றாக, மொத்தம் இருபத்திரண்டு கோடுகள். வீட்டின் இருபத்திரண்டு இடங்களிலிருந்து புறப்பட்டு, ஒரு சட்டைப் பொத்தான் அகலத்துக்குள் எல்லாம் ஒன்றையொன்று வெட்டின.

கட்டிலின் இடப்பக்கம். தலையணை இருக்கும் இடம்.

  பென்சிலைக் கீழே வைக்கப் போனபோதுதான் தேதிகளைப் பார்த்தான்.

முதல் நாள் நீலப் புள்ளி சாப்பாட்டு மேசையில் இருந்தது. மூன்றாம் நாள் கூடத்தின் நடுவில். ஐந்தாம் நாள் கூடத்தின் உள்மூலை. நேற்று, நடையின் முகப்பில்.

நிமிர்ந்து பார்த்தான். வரைபலகை முன்பு ஜன்னலோரம் இருந்தது. வெளிச்சத்தில் கண் கூசுகிறதென்று தானே நகர்த்தினான். இப்போது அது நடைக்குள் பாதி நுழைந்திருந்தது. மகளின் பொம்மைக் கூடை அதற்கும் உள்ளே. மெத்தையை மின்விசிறிக்குக் கீழே போட்டதாக நினைவு. மின்விசிறி கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மெத்தை நடையில் கிடந்தது. ஒவ்வொன்றையும் அவன்தான் நகர்த்தியிருந்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தான், ஒவ்வொரு தடவையும் நாய் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தினம் ஒரு முழம். அவசரப்படாமல், முட்டாமல், குரைக்காமல். தேர்ந்த நாய் மந்தையை மிரளவிடாது என்று மனைவி பெருமையாகச் சொல்வாள்.

திரும்பினான். நாய் கூடத்தில் படுத்திருந்தது. அவனுக்கு நேர் பின்னால்.

நான் வைத்த சோறு, என்று நினைத்தான். நான் பிடுங்கிய உண்ணி. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, என்னையே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. நாயின் தட்டையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் பழைய போர்வையையும் ஒரு பையில் போட்டு வாசலில் வைத்தான். மகள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தபாலை யாருக்குக் கொடுக்கறே?"

"பண்ணைக்கு. அங்க ஆடு நிறைய இருக்கும். ஓடி விளையாடும்."

"அது விளையாடலை அப்பா. அதுக்கு வேலை இருக்கு."

"யார் சொன்னா?"

மகள் உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்குப் போன் வந்தது. வழியில் ஒரு பாலத்தின்மேல் தண்ணீர் ஓடுகிறதாம், சுற்றிக்கொண்டு வர ஒரு மணிநேரம் ஆகும் என்றாள் பண்ணைக்காரி. அவன் சரி என்றான். நாயைச் சமையலறைப் பின்படிகளுக்குக் கூட்டிப்போய், கூரைக்கடியில் கைப்பிடிக் கம்பியில் வாரைக் கட்டி, கதவைச் சாத்தினான்.

அந்தக் கதவு. சாத்தியதும் அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றவன், நின்றபடியே நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு மதியத்துக்குப் போய்விட்டான்.

அன்று அவன் மூன்று ராத்திரி தூங்கியிருக்கவில்லை. மகளையும் நாயையும் கூட்டிக்கொண்டு இதே படியில் வந்து உட்கார்ந்து, இதே கதவைச் சாத்திக்கொண்டான். ஐந்து நிமிஷம். ஐந்தே நிமிஷம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. அப்போது விசில் கேட்டது. நீளமாக. நாய் துள்ளி எழுந்தது. அவன் அதன் கழுத்துப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அம்மா கூப்பிடறா, என்றாள் மகள். இதோ போலாம், என்றான். இரண்டாம் தடவை கேட்டது. நாய் பட்டையிலேயே தொங்கி மூச்சிரைத்தது. பின்னங்கால் நகம் சிமெண்ட்டில் கீறி ரத்தம் வந்தது. அவன் விடவில்லை. மூன்றாவது விசில் மெல்லியது. பாதியில் காற்றாகிவிட்டது. அதற்குப் பிறகு நாய் இழுப்பதை நிறுத்தியது. திரும்பி அவனைப் பார்த்தது.

விசில் கேட்டதை யார்கிட்டயும் சொல்லாதே, என்று மகளிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். அம்மா தூங்கிட்டா. அவ்வளவுதான்.

மகள் சொல்லவில்லை. நாயாலும் சொல்ல முடியாது. நம்பகமான சாட்சிகள், என்று அப்போது நினைத்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம் மழை மட்டும் கேட்டது. நாய் குரைக்கவில்லை. வாரை இழுக்கும் சத்தமும் இல்லை. நனைந்த கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகிப் படியில் தெறிப்பதும், எங்கோ ஒரு வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதும், அதற்கடியில், காது கொடுத்தால் மட்டும் கேட்கிற மாதிரி, தோல் வாரை மெல்லுகிற ஈரமான சின்னச் சத்தமும். பிறகு அதுவும் நின்றது.

கூடத்தில் கம்பி போடாத ஜன்னல் ஒன்று திறந்தே கிடந்தது. அவன் நினைவுக்கு அது வந்தபோது ஈர ரோம நாற்றமும் சேர்ந்து வந்தது.

நாய் கூடத்தில் நின்றது. கழுத்தில் ஒரு சாண் வார் தொங்கியது. உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் பரவியது. மகள் மேசையோரம் நின்று அதைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"பாப்பா. இங்க வா."

மகளைத் தூக்கிக்கொண்டான். வாசலைப் பார்த்து நடந்தான். நாய் அகலமாக ஒரு வளைவு போட்டுச் சுற்றி வந்து வாசல் நிலையில் நின்றது. தலை தாழ்ந்தது. கண் மேலே வந்தது. அவன் சமையலறைப் பக்கம் திரும்பினான். அங்கே இருந்தது. ஜன்னல் பக்கம். அங்கேயும். கால் தரையில் படுகிற சத்தமே இல்லை. அவன் நாற்காலியை இழுத்துக் குறுக்கே போட்டான். நாய் அதன் அடியில் புகுந்து வந்தது. குதிகாலில் ஒரு சுருக். கடி இல்லை. கிள்ளல். ஆட்டின் காலைக் கிள்ளுகிற மாதிரி.

அவன் பின்னால் நகர்ந்தான். அது முன்னால் வந்தது. பின்னால். முன்னால்.

"போதும்!" என்று கத்தினான். "தபால், போதும்!"

காது அசையவில்லை.

முதுகில் குளிர்ந்த காற்றுப் பட்டது. மருந்தும், துவைத்த பருத்தித் துணியும், பள்ளிக்கூட மைதானத்து மண்ணும் கலந்த ஒரு வாசனை. இரண்டு பக்கமும் சுவர். நடைக்குள் இருந்தான். முழுசாக. எப்போது வந்தான்? காலில் மெத்தை தடுக்கியது. திரும்பிப் பார்த்தான்.

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது.

தாழ் போட்டிருந்தான். இன்று காலையும் பார்த்தான். போட்டிருந்தது.

நாய் பதுங்கியது. பின்கால்கள் மடிந்தன. பாயப் போகிறது. அவனுக்கு யோசிக்க நேரமில்லை. மகளைக் கீழே இறக்கினான். நாயிடமிருந்து அவளை மறைக்க, தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினான். கைகளை விரித்துக்கொண்டு நாய்க்கும் அவளுக்கும் நடுவில் நின்றான். எந்த அப்பனும் அதைத்தான் செய்வான்.

தள்ளிய பிறகுதான் புரிந்தது. எந்தப் பக்கம் தள்ளினான் என்று.

இடைவெளி ஓரடிகூட இல்லை. அது போதுமாக இருந்தது. கறுப்பாக ஏதோ முழங்காலை உரசிக்கொண்டு போனது. அவன் திரும்பியபோது நாய் நடுவில் இருந்தது.

அவனுக்கு முதுகைக் காட்டியபடி.

மகள் நடந்தாள். நாய் தொடக்கூட இல்லை. இடம் ஓர் அடி, வலம் ஓர் அடி, அவ்வளவுதான். அவள் நேராக நடந்தாள். நிலைப்படியைத் தாண்டினாள். கட்டிலின் இடப்பக்கம் போய் நின்றாள். நாயும் உள்ளே போய் நிலைப்படியில் படுத்தது.

அவன், நாய், மகள். அதற்கப்பால் தலையணை. ஒரே கோடு.

"பாப்பா. இங்க வாடா. அப்பாகிட்ட வா."

அவள் திரும்பவில்லை. நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைவிட உயரமான ஒன்றை. தலையணை உயரத்தில் இல்லை. உட்கார்ந்திருப்பவரின் முக உயரத்தில்.

யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் தலையை ஆட்டினாள்.

"மூணு தடவை," என்றாள். "எனக்குக் கேட்டுச்சு. தபாலுக்கும் கேட்டுச்சு. அப்பாதான் பிடிச்சுக்கிட்டாரு."

அவன் கையை நீட்டினான். 

"ம்," என்றாள் மகள். "ஆமா. கதவையும்." மறுபடி எதையோ காதில் வாங்கினாள். "இல்லை. அவர் வேண்டாம்."

கட்டிலில் ஏறினாள். ஓரத்தில் ஏற்கெனவே கட்டில் மெத்தை பள்ளமாகியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

நாயின் காதுகள் இரண்டும் எழுந்தன.

அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. மழை. குழாய். அவ்வளவுதான். ஆனால் நாய்க்குக் கேட்டது. இத்தனை நாளாக விறைத்திருந்த முதுகு தளர்ந்தது. எழுந்தது. மூக்கிலிருந்து வால்வரை ஒரு உலுக்கு உலுக்கியது. நீர்த்துளிகள் அவன் முகத்தில் தெறித்தன. வால் ஆடியது. நாக்கைத் தொங்கவிட்டு, தத்தித் தத்தி அவனிடம் வந்தது, வீட்டு நாயாக. அவன் பாதத்தின்மேல் தாடையை வைத்து, சுகமாக ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டது.

வேலை முடிந்துவிட்டது.

வாசலில் ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. "சார்!" என்று மழைக்குள்ளிருந்து பண்ணைக்காரியின் குரல். "நாய் ரெடியா சார்?"

அவன் நகரவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகளின் பின்னல் நுனியில் ரப்பர் பாண்ட் நகர்ந்தது. ஒரு சுற்று. இரண்டு. மூன்று. கழன்று அவள் தோளில் விழுந்தது. அவள் இரு கைகளும் மடியில் இருந்தன. பின்னல் கீழிருந்து ஒவ்வொரு பிரியாக, நிதானமாக, அவிழத் தொடங்கியது.